முடிக்காத ஆராதனை

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

“அகதிகளைப் பார்த்துக்கொள்ள ஐ.நா. இருக்கும்போது சாமி கும்பிடுகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்டிருந்தாய். வாத்தியார் இருந்திருந்தால் உன்னை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். ஐ.நா. அகதிகள் ஆணையமே 2012 டிசம்பரில் மதத் தலைவர்களை ஜெனிவாவுக்கு அழைத்து இதைப் பற்றிப் பேசியிருக்கிறது, தெரியுமா?

அதை விடு. ஹேக் நகரத்து பெத்தேல் தேவாலயத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நெதர்லாந்தில் ஒன்பது வருடம்போல வாழ்ந்துவிட்ட ஓர் ஆர்மீனியக் குடும்பத்தை நாடு கடத்தப் பார்த்தார்கள். அவர்கள் அந்தத் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். வழிபாடு நடக்கும்போது அதிகாரிகள் உள்ளே நுழையக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். 2018 அக்டோபர் 26 அன்று ஆராதனையைத் தொடங்கினார்கள். முடிக்கவே இல்லையடா! இரவும் பகலும் ஒரு போதகர் ஓய்ந்தால் அடுத்தவர், ஜெபம், பாட்டு, மறுபடி ஜெபம். நூற்றுக்கணக்கானோர் முறை வைத்து வந்திருக்கிறார்கள். 96 நாள்! கடைசியில் அரசு இறங்கிவந்தது, அந்தக் குடும்பம் அங்கேயே தங்கியது. எந்த நிவாரண நிறுவனத்தால் இதைச் செய்ய முடியும், சொல்.

ஆரவாரமில்லாத வேலையும் உண்டு. 1979இல் கனடா அரசோடு முதலில் ஒப்பந்தம் போட்டு, அகதிகளுக்கு வீடும் ஒரு வருடச் செலவும் எங்கள் பொறுப்பு என்று முன்வந்தவர்கள் மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையார். 2016 முதல் இத்தாலியில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் கைகோத்து, லெபனானில் தவித்த சிரியர்களை விசாவோடு விமானத்தில் அழைத்துவந்தார்கள். கடலில் சாக விடவில்லை.

ஆனால் உன் பயம் ஒன்று நியாயமானது. உதவியைக் காட்டி மதத்துக்கு ஆள் சேர்ப்பது. மத நிலைப்பாட்டைப் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை நெறி சொல்கிறது. கையெழுத்துப் போட்டால் ஆயிற்றா? எல்லாவற்றையும் இழந்து குழந்தையோடு வரிசையில் நிற்கிறவளிடம் போர்வையோடு ஒரு துண்டுப் பிரசுரத்தையும் நீட்டினால், அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அது வற்புறுத்தல்தான். இதில் நான் உன் பக்கம். நல்லது செய்கிறவர்கள் என்பதற்காக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதை வெளியிலிருந்து யார், எப்படிக் கண்காணிப்பது? நீ தணிக்கை பார்த்தவன், யோசித்து எழுது. அக்காவுக்கு என் வணக்கம்.

உன்
மொட்டைமாடி