அரை லிட்டர் பால் கணக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எங்க குடோனுக்கு வர்ற லாரியில பாதி, சொன்ன நேரத்துக்கு வர்றதே இல்லப்பா. கேட்டா டிரைவர் கிடைக்கலைங்கிறாங்க. நிஜமா?" என்றாய். நிஜம்தான் கண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டேன். அப்புறம் படுத்தால் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே உங்கம்மா வாங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

நம்ம இரண்டாவது வண்டி ஷெட்டில் நின்று இன்றோடு 23 நாள். வண்டியில் ஒரு குறையும் இல்லை. போன மாதம்தான் எஃப்சி, அதாவது வண்டித் தகுதிச் சான்று, முடித்தேன், டயர் நாலு புதுசு. ஓட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். தவணை மட்டும் தேதி தவறாமல் போகிறது. நாமக்கல், ராசிபுரம், சங்ககிரி, எந்தப் பக்கம் போனாலும் புக்கிங் ஆபீஸ் வாசலில் இதே பேச்சுதான். நாடு முழுக்க ஓடுகிற லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர் இது. இங்கேயே டிரைவர் இல்லை என்றால் பார்த்துக்கொள்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். 26 வயது, உன் வயதுதான். ஹெவி லைசென்ஸ் இருக்கிறது, இரண்டு வருஷம் டாரஸ் லாரி ஓட்டியிருக்கிறான். இப்போது கோயம்புத்தூரில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். சம்பளம் பேசினேன், அட்வான்ஸும் தருகிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திங்கக்கிழமை கெளம்புனா என்னைக்குங்கண்ணா வீட்டுக்கு வருவேன்? தேதி சொல்லுங்க, வர்றேன்" என்றான்.

என்னால் தேதி சொல்ல முடியவில்லை. பூனா போக மூன்று நாள். இறக்க ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அப்புறம் நாசிக் பக்கம் போய் வெங்காயம் ஏற்ற வேண்டும். லோடு கிடைத்தால் உடனே திரும்பலாம், இல்லாவிட்டால் கிடைக்கிறவரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். "பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும் தம்பி" என்றேன். டீயைக் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் வரவில்லை. 24 வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் நான். ஒரு ஓனரிடம்கூட அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லையே என்றுதான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பழைய பெட்டியை எடுத்துப் பார்த்தேன். உங்கம்மா பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர்களைத் தூக்கிப் போடமாட்டாள், உனக்குத் தெரியும். தினமும் அரை லிட்டர். நான் ஊரில் இருக்கிற நாளில் மட்டும் ஒரு லிட்டர். நீ ஆறாவது படித்த வருஷத்துக் காலண்டரை எடுத்து, ஒரு லிட்டர் என்று எழுதியிருந்த நாட்களை எண்ணினேன். 58 நாள். அதிலும் ஒரே ஒரு சமயம்தான் தொடர்ந்து ஐந்து நாள், அம்மாயி செத்தபோது.

நீ இப்போது இந்தத் துறையில் இருக்கிறாய். அதனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவருக்கு ரோடு பெரிய கஷ்டமே இல்லை. ரோட்டில் வண்டி ஓடினால் நாள் ஓடும், காசும் வரும். அவனைத் தின்பது காத்திருக்கிற நேரம். கூலி டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு, நாளுக்கு இவ்வளவு என்று இல்லை. குடோன் கேட்டுக்கு வெளியே 40 மணி நேரம் நிற்க வைத்தாலும் லோடு தருகிற பார்ட்டிக்கு நஷ்டம் இல்லை, குடோனுக்கு நஷ்டம் இல்லை. வண்டி காத்து நின்றதற்கு ஹால்டிங் சார்ஜ் என்று பில்லில் ஒரு வரி இருக்கும், கேட்டால் அடுத்த லோடு தரமாட்டார்கள். அந்த 40 மணி நேரமும் டிரைவர் தன் கைக்காசில் தின்று, சக்கரத்துக்கு நடுவில் தார்ப்பாயை விரித்துப் படுத்துக் கிடப்பான். தூங்கவும் முடியாது. எந்த நேரத்தில் வண்டி நம்பரைக் கூப்பிடுவார்களோ என்று ஒரு காது கேட்டிலேயே இருக்கும். கடைசியில் சரக்கு ஏறியதும், காத்திருந்த நேரத்தையெல்லாம் ராத்திரியில் ஓட்டிச் சரிக்கட்டச் சொல்வார்கள்.

அப்படி ஒருநாள் ஓட்டி வந்ததை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அதுவும் அந்த 58 நாள் வருஷம்தான். நாசிக் பக்கம் ஒரு யார்டில் இரண்டு பகல் இரண்டு ராத்திரி நின்றோம். வெங்காயம் ஏற்றி முடித்ததும், வியாழக்கிழமை காலை மதுரை மண்டியில் இறக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாடகையில் பிடிப்போம் என்றார்கள். பெங்களூரில் நோ என்ட்ரி நேரத்தில் மாட்டி, அங்கேயும் நின்று, தர்மபுரி தாண்டும்போது விடியற்காலை 4 மணி. தொப்பூர் இறக்கம். 16 டன் பின்னாலிருந்து தள்ளுகிறது, மூன்றாவது கியரில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். கண் மூடியது எனக்கே தெரியாது. தொடையில் ஓங்கி ஓர் அடி, "அண்ணா!" என்று ஒரு கத்தல். கண்ணைத் திறந்தால், முன்னால் போன டேங்கரின் சிவப்பு விளக்கு கண்ணாடி முழுக்க இருக்கிறது. எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஓரம் கட்டி இறங்கினேன், கால் நிற்கவில்லை. பின்சக்கரத்தில் பிரேக் கருகிப் புகை வந்துகொண்டிருந்தது. கிளீனர் பையன் தண்ணீர் கேனைத் திறந்து முதலில் என் தலையில் ஊற்றினான். "மூணு மணி நேரம் படுங்கண்ணா, நான் முழிச்சிருக்கேன்" என்றான். அவனும் இரண்டு ராத்திரி தூங்காதவன்தான். அவனுக்கு அப்போது 19 வயது. மதுரையில் லேட்டுக்குப் பணம் பிடித்தார்கள். யார்டில் நின்ற இரண்டு நாளுக்கு ஒருவரும் ஒரு பைசா தரவில்லை.

அந்தப் பையன் யார் என்று தெரிகிறதா? நீ "வண்டி அண்ணன்" என்று கூப்பிடுவாயே, அவன்தான். முதல் வண்டியை இப்போது அவன்தான் ஓட்டுகிறான்.

டிரைவர் பஞ்சம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் நான் அந்தக் கிளீனர் சீட்டைத்தான் கை காட்டுவேன். எங்கள் காலத்தில் கிளீனராகத்தான் எல்லோரும் ஏறினோம். ஜாக்கி ராடால் டயரைத் தட்டினால் வருகிற சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். மழை வருவதற்குள் தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்கத் தெரிய வேண்டும். நாலைந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்த பிறகுதான், ஆள் இல்லாத ரோட்டில் டிரைவர் எழுந்து ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அப்புறம் டீசல் ஏறியது, டோல் ஏறியது, வாடகை மட்டும் ஏறவில்லை. எல்லோரும் கிளீனரை நிறுத்தினோம். 2016இல் நானும் நிறுத்தினேன். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று இருந்த விதியையும் 2018இல் தளர்த்திவிட்டார்கள். ஒற்றை ஆள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறான். பக்கத்தில் தொடையில் அடிக்க ஆள் இல்லை. அடுத்த டிரைவராக வளர ஒரு பையனும் இல்லை.

ஆள் சேர அரசாங்கமும் சிலது செய்திருக்கிறது. லைசென்ஸுக்கு எட்டாவது படித்திருக்க வேண்டும் என்பதை 2019இல் எடுத்தார்கள். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்லதுதான், மே மாதம் இன்ஜின் சூட்டில் வெந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்தப் பையன் ஏசி கேட்கவில்லையே, தேதிதானே கேட்டான்.

அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டத்தை உங்கம்மாவின் தம்பி ஒருமுறை படித்துக் காட்டினார். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தூர ரூட் என்றால் நாளைக்கு 10 வரை போகலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் ஓட்டக் கூடாது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் 9 மணி நேரம் ஓய்வு. கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு அடைத்தது. அதில் ஒன்றாவது எனக்கு நடந்திருக்கிறதா என்று யோசித்தேன். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கிற இடத்துக்குத்தான் அந்தச் சட்டம் என்று அப்புறம் சொன்னார். என்னை மாதிரி ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் இந்த ஊரில் ஏராளம்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். இன்று காலை அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். ஒரு டிரிப் முடிந்தால் நாலு நாள் வீடு, அந்த நாலு நாளில் நான் போன் செய்யமாட்டேன். எந்த இடத்திலும் ஒரு நாளுக்கு மேல் நின்றால், பார்ட்டி தந்தாலும் தராவிட்டாலும் நாளுக்கு 800 ரூபாய் என் கையிலிருந்து. இரண்டு நாளில் ரிட்டர்ன் லோடு கிடைக்காவிட்டால், கிடைத்த அரை லோடோடு திரும்பிவிடலாம். ராத்திரி 12 முதல் 4 வரை வண்டி ஓடக் கூடாது. இப்படிப் போனால் 12 நாளில் வீடு, இதுதான் தேதி என்றேன். உங்கம்மா கணக்குப் போட்டுப் பார்த்து, கையில் என்னங்க நிற்கும் என்றாள். குறையத்தான் செய்யும். ஷெட்டில் நிற்கிற வண்டியில் அதுவும் இல்லை. பையன் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான். வண்டி அண்ணனோடு போக, சம்பளத்துக்கு ஒரு பையனையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன் கண்ணு. லாரி எவ்வளவு லேட்டாக வந்தது என்று உங்க கம்ப்யூட்டரில் இருக்கும். வந்த பிறகு கேட்டில் எத்தனை மணி நேரம் நின்றது என்று இருக்கிறதா பார். இல்லாவிட்டால் உன் நோட்டிலாவது எழுதிவை, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஒரு மாதம் எழுதி உன் மேலதிகாரியிடம் காட்டு. கேட்டுக்கு வெளியே நிழலும் குடிதண்ணியும் கக்கூஸும் இருக்கிறதா என்றும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடு.

வண்டி அண்ணன் வியாழக்கிழமை ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பூனாவுக்குக் கிளம்புகிறான். உங்கம்மா உனக்குப் பருப்புப் பொடியும் முறுக்கும் கட்டி அவனிடம் கொடுத்திருக்கிறாள். அவன் சின்னக் குழந்தைக்கு 20ஆம் தேதி காது குத்து. 18ஆம் தேதி அவன் வீட்டில் இருப்பான் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் பொட்டலத்தைக் கொடுக்க உன் ரூமைத் தேடிக்கொண்டு அவனை வரச் சொல்லாதே. அவன் வண்டி நிற்கிற இடத்துக்கு நீ போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா