குற்றப்பத்திரிகையில் மட்டும்தானா நம் கதை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் அண்ணன் பேத்தி கலிஃபோர்னியாவிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். ஹம்போல்ட் என்ற மலைப் பகுதியில் படிக்கிறாள். "சின்னத் தாத்தா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ தோட்டத்துல யாராவது கஞ்சா வெச்சிருந்தாங்களா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முதல்ல ஸ்பீக்கரை அணை" என்றேன். 31 ஆண்டு மலேசிய நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். அந்தச் சொல்லை வீட்டுக்குள் உச்சரித்துப் பழக்கமில்லை.

அவள் வேலை என்னவென்றால், ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி மலைகளில் ஐம்பது ஆண்டாகக் கஞ்சா பயிரிட்ட கிழவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டு எழுதுவது. எந்த விதை எங்கிருந்து வந்தது, 1983 முதல் அரசு ஆட்கள் ஹெலிகாப்டரில் வந்து செடிகளைப் பிடுங்கியபோது எங்கே ஒளிந்தார்கள், யார் சிறைக்குப் போனார்கள் என்று எல்லாம். அங்கே 1996இல் மருந்துக்கு அனுமதி. 2016இல் மக்கள் ஓட்டுப் போட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் அனுமதி. 2018இல் கடையே திறந்துவிட்டார்கள். அந்த வரிப்பணத்திலிருந்துதான் அரசு பல்கலைக்கழக ஆய்வுகளுக்குக் காசு கொடுக்கிறது.

சரி, பிழைத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். ஐந்து ஆண்டுக்குப் பெரிய பண்ணைக்கு உரிமம் கிடையாது என்று சொல்லித்தான் 2016இல் ஓட்டு வாங்கினார்கள். 2017 கடைசியில் வந்த விதியோ, ஒரே நிறுவனம் சின்ன உரிமங்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம் என்றது. விளைச்சல் குவிந்து விலை படுத்தது. களி தின்றவன் ஒருவன், கல்லாவில் உட்கார்ந்தவன் வேறொருவன். இதைச் சரிக்கட்ட, முன்பு தண்டனை பெற்ற ஏழைப் பகுதி ஆட்களுக்கு உரிமத்தில் முன்னுரிமை தரும் திட்டங்களை ஓக்லந்து போன்ற நகரங்கள் கொண்டுவந்தன. அதிலும் முதல் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான் என்கிறாள்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? நான் அறிந்த கஞ்சா, குற்றப்பத்திரிகையில் இருப்பது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம், கடத்தலுக்கான பிரிவு 39பி. 1983இல் அதற்குத் தூக்கு கட்டாயமானது. கூண்டில் நிற்கும் பையனுக்கு அதை நான்தான் தமிழில் சொல்வேன். 'அனுமானம்' என்ற சொல் அவர்களுக்கு விளங்காது. "200 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீ விற்கத்தான் வைத்திருந்தாய் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நீதான் காட்ட வேண்டும்" என்று உடைத்துச் சொல்வேன். ஒருமுறை நடைபாதையில் ஒரு தாய், 200 கிராம் என்றால் எவ்வளவு என்று கேட்டார். அவர் பையில் காப்பித்தூள் பொட்டலம் ஒன்று இருந்தது, மகனுக்கு வாங்கி வந்தது. அதைக் காட்டி, "இவ்வளவுதாம்மா" என்றேன். அந்த அம்மா பொட்டலத்தைக் கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2023இல் கட்டாயத் தூக்கு நீக்கப்பட்டது. அந்த வாரம் முழுக்க எனக்கு அந்தப் பொட்டல நினைப்புதான்.

பேத்தி விடவில்லை. 1893-94இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் நடத்திய கஞ்சா விசாரணைக் குழுவின் அறிக்கையிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பினாள். ஏழு தொகுதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்று எழுதிய குழு அது. மதராஸ் மாகாணத்தில் கஞ்சா பயிரான சில இடங்களில் ஒன்றாக அதில் ஜவ்வாது மலை இருக்கிறது. என் தாத்தா போளூர்க்காரர். "எங்க மலைல அது கீரை மாதிரி" என்பார். கள்ளு பேசுகிறது என்று சிரித்திருக்கிறோம்.

அப்புறம்தான் பாட்டியின் மைலோ டின் ஞாபகம் வந்தது. பினாங்கில் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), 1950களின் கடைசி. அடுப்புக்கு மேல் பரணில், புளிப்பானைக்குப் பின்னால் அந்த டின். மாடு கழிந்தால் அதிலிருந்து ஒரு சிட்டிகை இலை, வெல்லம், கஞ்சித்தண்ணீர். முனியாண்டி படையலில் சுருட்டுக்குப் பக்கத்தில் வாழையிலைத் துண்டில் கொஞ்சம். எங்களுக்கு அது 'சாமி இலை'. வேறு பெயர் இருப்பது தெரியாது. சட்டப்படி பார்த்தால் பாட்டியும் குற்றவாளிதான். இதே பினாங்கில் 19ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 'பாங்' எனும் கஞ்சா இலைச் சரக்கை விற்கும் உரிமையைக் கள்ளு, அபின் போலவே குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தது. அந்தக் கணக்கு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. வாங்கிக் குடித்த கூலியின் பேச்சு எங்கும் இல்லை.

கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். கஞ்சாவை அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. அது சீரழித்த பையன்களை உங்களைவிடக் கிட்ட இருந்து பார்த்தவன். ஆனால் மருத்துவக் கஞ்சா பற்றி இங்கும் பேச்சு அடிபடுகிறது. நாளை உரிமம் என்று ஒன்று வந்தால் மேசையில் யார் உட்காருவார் என்பதை ஹம்போல்ட் கதையிலிருந்தே ஊகிக்கலாம். அப்போது எங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது, அது வழக்கு எண் மட்டுமல்ல என்று சொல்ல நம் கையில் ஒரு தாளாவது வேண்டாமா?

ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். 75 வயதைத் தாண்டிய தோட்டத்து ஆட்களிடம் கள்ளுக்கடை, சம்சு என்ற மலிவுச் சாராயம், சாமி இலை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம். போடுவது என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார். என் லயத்தில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்து மூவர்தான் பாக்கி. அதில் ஒருவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது.

மைலோ டின் பற்றி நானே நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கணினியில் தட்டத் தெரியாது. கையெழுத்துப் படியாக அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு