குளிர்கால சர்குலர்ல 'ஏன்'னு ஒரு வரி சேத்துப் போட்டா என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

குளிர் ஆரம்பிச்சாச்சு, ஸ்கூல்ல இருந்து வழக்கம்போல அந்த நீள சர்குலரும் வந்தாச்சு. நாலு பக்கம். கோட்டுல பேர் எழுதுங்க, காய்ச்சல் இருந்தா அனுப்பாதீங்க, வாந்தி எடுத்தா ரெண்டு நாள் வீட்லயே வெச்சுக்கோங்க, போன் நம்பர் மாறியிருந்தா சொல்லுங்கன்னு வரிசையா இருபது இருபத்தஞ்சு பாயிண்ட். உண்மைய சொல்லிடறேன், மூணு வருஷமா நான் இதை திறந்து கட்டைவிரலால ஒரே தள்ளா கீழ தள்ளி, லீவு என்னைக்கு ஆரம்பிக்குது என்னைக்கு திரும்ப திறக்கறாங்கன்னு மட்டும் பாத்துட்டு மூடிடுவேன். பேரன்ட்ஸ் குரூப்ல விசாரிச்சா பாதிப்பேர் என்னை மாதிரிதான், மீதிப்பேர் திறக்கவே இல்ல.

இதுல தப்பு எங்க மேல மட்டும் இல்லைன்னு சொல்லத்தான் இந்த லெட்டர். செய்யுங்க செய்யாதீங்கன்னு ஸ்கூல் சொல்லுது, ஏன்னு சொல்ல மாட்டேங்குது. ஏன்னு தெரியாத ரூலை நம்ம வசதிக்கு வளைச்சுக்கறதுல நம்மள அடிச்சுக்க ஆளே கிடையாது. நானே வளைச்சிருக்கேன், அதையும் சொல்லிடறேன்.

போன குளிர்காலம், காலைல ஆறு மணி, பையன் உடம்பு கொதிக்குது. தெர்மாமீட்டர்ல 101. அன்னைக்குன்னு பாத்து ஆபீஸ்ல லீவு போட முடியாத நாள், வீட்டுக்காரரும் வெளியூர்ல. பாரசிட்டமால் சிரப் குடுத்தேன், முக்கால் மணி நேரத்துல முகம் தெளிஞ்சுடுச்சு, 99க்கு வந்துடுச்சு, சிரிச்சுகிட்டே ஷூ மாட்டறான். காய்ச்சல் இருந்தாத்தானே அனுப்பக் கூடாது, இப்ப இல்லையேன்னு என் மனசாட்சிய நானே சமாதானம் பண்ணி அனுப்பிட்டேன். பதினொன்றரைக்கு போன் வந்துது. ஓடிப் போய் பாத்தா ஆபீஸ் ரூம் வாசல் பெஞ்சுல கோட்டைக் கூட கழட்டாம பையை மடில வெச்சுகிட்டு உக்காந்திருக்கான், கன்னம் ரெண்டும் செவந்து போய், கண்ணு சொருகி. என்னை பாத்ததும் முதல்ல கேட்டது, "அம்மா, காலைல மருந்து குடிச்சதை டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், சொல்லலாம்ல?" பக்கத்துல நின்ன டீச்சர் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா கூட பரவால்ல.

அப்புறம்தான் உக்காந்து அந்த சர்குலர எடுத்துப் படிச்சேன். "மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இன்றி இருந்த பின்னரே" அப்படின்னு தெளிவாத்தான் போட்டிருக்காங்க. ஆனா அந்த 'மருந்து இல்லாமல்'ங்கறது எதுக்குன்னு ஒரு வரி இல்ல. டாக்டர்கிட்ட கேட்டப்பதான் புரிஞ்சுது. மருந்து சூட்டைத்தான் இறக்குது, வைரஸை ஒண்ணும் பண்றதில்ல, அதுவும் நாலு மணி நேரம் ஆறு மணி நேரம்தான் தாங்கும், அதனாலதான் காலைல குடுத்தா சரியா மத்தியானம் ஸ்கூல்ல இருந்து போன் வருது. ஃப்ளூ அறிகுறி தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சு, உடம்புக்கு வந்த முதல் மூணு நாலு நாள்லதான் ரொம்ப பரவுமாம். அப்ப நான் பண்ணின வேலை என்னன்னா, படுத்துக் கிடந்திருக்க வேண்டிய பிள்ளைய ஓடி விளையாடற அளவுக்கு மட்டும் தெம்பாக்கி, நல்லா பரப்பிட்டு வாடான்னு அனுப்பினதுதான். அடுத்த வாரம் அவன் கிளாஸ்ல அஞ்சு பேர் வரல. என்னாலதான்னு யாரும் சொல்லல, எனக்குத்தான் தோணிகிட்டே இருந்துது.

அடுத்தது அந்த 48 மணி நேரம். வாந்தி பேதி நின்ன பிறகும் ரெண்டு நாள் அனுப்பாதீங்கங்கறாங்க. ராத்திரி எடுத்தான், காலைல நல்லா இருக்கான், எதுக்குங்க ரெண்டு நாள்னு எல்லாரும் கேக்கறோம். குளிர்காலத்துல ஸ்கூல் ஸ்கூலா வர்ற இந்த வாந்திக்கு பெரும்பாலும் நோரோ வைரஸ்தான் காரணம். அதுக்கு அந்தப் பேர் வந்த கதையே ஒரு ஸ்கூல்ல இருந்துதான் ஆரம்பிக்குது, 1968ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் நார்வாக்ங்கற ஊர்ல ஒரு ஆரம்பப் பள்ளில பிள்ளைங்க டீச்சர்னு கொத்தா விழுந்தாங்க, 1972ல அந்த சாம்பிளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்து வைரஸைக் கண்டுபிடிச்சாங்க, ஊர் பேரையே வெச்சு முதல்ல நார்வாக் வைரஸ்னாங்க, பின்னாடி நோரோன்னு சுருங்கிடுச்சு. இது உள்ள போய் வேலையக் காட்ட நூறு துகள் கூட வேண்டாம், ஒரு தடவை எடுக்கற வாந்தில கோடிக்கணக்குல இருக்கும், நின்ன பிறகும் சில நாள் வெளிய வந்துகிட்டே இருக்கும், முதல் ரெண்டு நாள் அதிகம். இதைப் படிச்ச பிறகு எங்க வீட்ல யாரும் ரெண்டு நாள் எதுக்குன்னு கேக்கறதில்ல.

இதுலயே இன்னொரு விஷயம், இதை சர்குலர்ல கொட்டை எழுத்துல போடணும்னு எனக்கு ஆசை. சானிடைசர் இதுக்கு சரியா வேலை செய்யாது. நாமளோ பை ஜிப்புல ஒரு பாட்டில தொங்க விட்டுட்டு கடமை முடிஞ்சுதுன்னு இருக்கோம். சளி காய்ச்சல் வைரஸுக்கு அது சரி, நோரோவுக்கு சோப்பும் ஓடற தண்ணியும்தான், தேய்ச்சு கழுவி வெளியேத்தணும். இருபது செகண்ட் கழுவணும்னு சொல்வாங்க, பிள்ளைங்க ரெண்டு செகண்ட்ல கைய நீட்டிடும். எங்க வீட்ல சின்னவளுக்கு அ ஆ இ ஈ-ல இருந்து ஔ வரைக்கும் ரெண்டு தடவை நிதானமா சொல்லிகிட்டே கழுவணும்னு வெச்சிருக்கேன், சரியா வருது, ஔ வரும்போது மட்டும் கண்ணாடிய பாத்து வாய கோணிக்குவா. தமிழும் வந்த மாதிரி ஆச்சு. வாந்தி எடுத்த இடத்த சும்மா ஈரத்துணியால துடைச்சா போதாது, ப்ளீச் கலந்த தண்ணில துடைக்கணும், துணிய நல்ல சூட்டுல துவைக்கணும், அதையும் ஒரு வரி போடலாம்.

ஜன்னல் விஷயம் தனி ரகளை. கிளாஸ்ல ஜன்னல கொஞ்சம் திறந்து வெக்கறாங்க, இந்தக் குளிர்ல பிள்ளைங்கள நடுங்க விடறாங்களேன்னு குரூப்ல ஒரு வாரம் சண்டை. என் மாமியாரும் அதே கட்சி. அத்தை, குளிர் மட்டும் சளிய உண்டாக்காது, வைரஸ்தான் உண்டாக்குது, குளிருக்கு பயந்து எல்லாரும் ஜன்னல சாத்திகிட்டு ஒரே காத்த மாத்தி மாத்தி இழுக்கறோம் பாருங்க அதுலதான் பரவுதுன்னு சொன்னேன். "அப்ப நாங்க வளத்த பிள்ளைங்களுக்கு?"ன்னாங்க. அங்க வாதம் முடிஞ்சுடுச்சு. ஆனா அடுத்த நாள் அவங்களே பேரனுக்கு ஒரு ஸ்வெட்டர் சேத்துப் போட்டு விட்டாங்க, ஜன்னலப் பத்தி ஒண்ணும் சொல்லல.

துணிமணி பத்தி சர்குலர்ல ஒரு பக்கம் முழுக்க இருக்கு, அதுல எனக்கு உருப்படியா பட்டது ரெண்டுதான். ஒண்ணு, ஒரே தடிமன் கோட்டுக்கு பதிலா மெல்லிசா ரெண்டு மூணு அடுக்கு, உள்ள ஒட்டியிருக்கறது பருத்தியா இல்லாம இருந்தா நல்லது, பருத்தி வேர்வையக் குடிச்சுட்டு ஈரமாவே கிடக்கும், ஈரம் உடம்பு சூட்ட இழுத்துடும். ரெண்டாவது, சின்னதுங்களுக்கு அஞ்சு விரல் க்ளவுஸைவிட மிட்டன் மேல், விரலெல்லாம் ஒண்ணா இருந்தா ஒண்ணோட சூடு ஒண்ணுக்கு. மாட்டறதும் ஈஸி. முப்பது பிள்ளைங்களுக்கு அறுபது கை, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு விரல நுழைச்சு முடிக்கறதுக்குள்ள இடைவேளை மணி அடிச்சு முடிஞ்சிடும், அந்த டீச்சர நினைச்சுப் பாருங்க.

பேர் எழுதறது. ஸ்கூல் வராண்டால ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி, காணாமப் போன சாமானுக்கு. பையனோட மஞ்சள் க்ளவுஸ் தேடி ஒரு நாள் உள்ள கைய விட்டேன், அடியில இருந்து ஈர கம்பளி வாசனை குப்புன்னு அடிக்குது. ஒரே கம்பெனி ஒரே சைஸ் ஒரே கருநீல கோட்டு மட்டும் ஆறு, ஒண்ணுலயும் பேர் இல்ல. ஒத்தை க்ளவுஸ் எண்ணி பதினாலு. ஒரு குல்லாவுல உள்பக்கம் அழகா பேர் தைச்சிருந்தாங்க, அது மட்டும் ரெண்டாவது நாள் அங்க இல்ல, போய் சேர வேண்டிய இடத்துக்குப் போயிடுச்சு. லேபிள்தான் வேணும்னு இல்லீங்க, அழியாத மார்க்கர்ல உள்பட்டைல எழுதினா போதும். குல்லா கழுத்து கயிறு இருக்கற ஜாக்கெட்டா இருந்தா கயிறை உருவி எடுத்துடுங்க, சறுக்குமரத்துலயும் பஸ் கதவுலயும் மாட்டிக்கும், உயிரே போயிருக்கு.

கார் விஷயம் எங்க சர்குலர்ல இல்லவே இல்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப பயம். உப்பலான கோட்டோட பிள்ளைய சீட்ல உக்கார வெச்சு பெல்ட் மாட்டறோம், கெட்டியா இருக்கற மாதிரிதான் தெரியுது. மோதும்போது அந்த உப்பல் அமுங்கிடும், பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல இடைவெளி வந்துடும். வேணும்னா ஒரு தடவை கோட்டோட மாட்டி இறுக்கிப் பாருங்க, அப்புறம் பெல்ட்ட தளர்த்தாம பிள்ளைய இறக்கி கோட்டை கழட்டிட்டு மறுபடி அதே அளவுல மாட்டுங்க, நான் மாட்டினப்போ என் முழுக் கை உள்ள போய்ட்டு வந்துது. கோட்டை கழட்டிட்டு பெல்ட், அதுக்கு மேல கோட்டையே திருப்பிப் போத்தி விடுங்க. காலைல அஞ்சு நிமிஷம் கூட ஆகும், அழும், அழட்டும்.

மருந்துல ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு ஒரு மூலைல சின்ன எழுத்துல போட்டிருக்காங்க. ஃப்ளூ, அம்மை மாதிரி வைரஸ் வந்திருக்கப்ப குடுத்தா ஈரலையும் மூளையையும் தாக்கற ரைஸ் சிண்ட்ரோம் வரலாம், 1963லயே ஆஸ்திரேலியா டாக்டர் ஒருத்தர் இந்த நோயைப் பத்தி எழுதி வெச்சாரு, அவர் பேரத்தான் வெச்சிருக்காங்க. பெரியவங்க மாத்திரைய பாதியா உடைச்சு குடுக்கற பழக்கம் நம்மகிட்ட நிறைய, அதனால சொல்றேன். ஃப்ளூ ஊசியும் போட்ட அன்னைக்கே காப்பாத்தாது, ரெண்டு வாரம் ஆகும், கிளாஸ்ல பாதிப்பேர் இருமின பிறகு ஓடாதீங்க.

கடைசியா போன் நம்பர். பனி கொட்டின அன்னைக்கு லீவா இல்லையாங்கறத விடிகாலைலதான் முடிவு பண்ணுவாங்க, ராத்திரியே ஏன் சொல்லக் கூடாதுன்னு நானும் திட்டியிருக்கேன். ரோடு எப்படி இருக்கு, பஸ் கிளம்புமா, கட்டடத்துல ஹீட்டர் ஓடுதான்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும், ராத்திரி சொல்லி காலைல வெயில் அடிச்சா அதுக்கும் நாமதான் திட்டுவோம். போன வருஷம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர், பேரனைக் கைப்பிடிச்சு வழுக்கற ரோட்டுல அடி மேல அடி வெச்சு கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டாரு. கேட் பூட்டியிருக்கு. மெசேஜ் வந்திருக்கு, ஆனா அப்பாவோட பழைய நம்பருக்கு. தாத்தாகிட்ட போன் இருக்கு, அந்த நம்பர் ஸ்கூல்ல இல்ல. பல வீட்ல காலைல கொண்டு விடறதும் சாயங்காலம் கூட்டிட்டு வர்றதும் தாத்தா பாட்டிதான், சர்குலர் மட்டும் அவங்களுக்கு எட்டாத மொழில, எட்டாத எழுத்து சைஸுல, அப்பா அம்மா மெயில்ல தூங்குது.

அதனால ஸ்கூல்காரங்களுக்கு என் வேண்டுகோள், நாலு பக்கத்த ஒரு பக்கமாக்குங்க, இருபத்தஞ்ச எட்டாக்குங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஏன்னு ஒரே ஒரு வரி போடுங்க. பெரிய எழுத்துல பேப்பர்லயும் ஒண்ணு பையில போட்டு அனுப்புங்க. எங்க பேரன்ட்ஸ் மீட்டிங்ல இதைச் சொன்னேன், நல்ல யோசனைன்னாங்க, நீங்களே எழுதிக் குடுங்களேன்னாங்க. மாட்டிகிட்டேன். உங்க பேப்பருக்கு வேண்டுகோள், குளிர் ஆரம்பிக்கற வாரம் ஒரு கால் பக்கம் இதுக்கு ஒதுக்குங்க, என் மாமியார் சர்குலர படிக்க மாட்டாங்க, உங்க பேப்பர ராசிபலன்ல இருந்து வரி விளம்பரம் வரைக்கும் விடாம படிப்பாங்க, அதுல வந்தா ஜன்னல் விஷயத்துல என்னை நம்பினாலும் நம்புவாங்க.

இப்படிக்கு,
மஞ்சள் க்ளவுஸ்ல இடது கைய இன்னும் தேடிகிட்டிருக்கற ஒரு அம்மா