லார்னகா போட்டோ பாத்தேன்

நேத்து நைட்டு உன் கல்யாண போட்டோ பாத்தேன். நீ அனுப்பல, நம்மகூட தங்கியிருந்தவர் ஒருத்தர் ஃபார்வர்ட் பண்ணாரு. சைப்ரஸ்ல அந்த லார்னகா முனிசிபாலிட்டி வாசல், சுள்ளுன்னு வெயில், உன் அப்பா அந்தப் பழைய பிரவுன் கோட்டுல, உன் அம்மா கையில சின்னதா ஒரு பூச்செண்டு. அவ்வளவு அழகா இருந்துச்சு, ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். அப்புறம் கோவம் வந்துச்சு. மூணு வருஷம் ஒரே கிச்சன்ல சமைச்சு சாப்பிட்டிருக்கோம், ஒரு வார்த்த சொல்லல பாரு நீ.

தமிழ்லதான் எழுதுறேன். என் ஹீப்ரூ தக்காளி வாங்குற அளவுக்குத்தான் வரும்னு உனக்கே தெரியும், நீ மெஷின்ல போட்டு படிச்சுக்குவ. மத்தவங்களும் படிப்பாங்கன்றதால உன் பேரு, ஜிம் பேரு எதுவும் போடல. உன் அம்மா பத்தி சிலத எழுதாம விடுறேன், அது அவங்க விஷயம்.

2021 ஆகஸ்ட் 1. இஸ்ரேல்ல, ஹைஃபால லீவு நாள் பிராக்டிஸ், பசங்க எல்லாம் மேட்டை அப்படியே போட்டுட்டு உன் ஃபோனை சுத்தி நின்னாங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல ஜிம்னாஸ்டிக்ஸ் ஃப்ளோர் ஃபைனல். இஸ்ரேல்காரர் ஆர்ட்டெம் டோல்கோப்யாட் 14.933, ஸ்பெயின்காரர் ஸபாட்டாவும் அதே 14.933, டிஃபிகல்ட்டி மார்க் இவருக்குக் கூட இருந்ததால தங்கம் இவருக்கு. இஸ்ரேலுக்கு ஒலிம்பிக்ல ரெண்டாவது தங்கம், ஜிம்னாஸ்டிக்ஸ்ல முதல் தங்கம். நீ தேம்பித் தேம்பி அழுத. அவர் உக்ரைன்ல ட்னிப்ரோல பொறந்து 12 வயசுல இஸ்ரேல் வந்தவர், அப்பா யூதர், அம்மா யூதர் இல்ல. நீ கார்கிவ், 11 வயசு, மத்தபடி அதே கணக்கு.

ஜெயிச்ச சூட்டோட அவர் அம்மா ரேடியோல சொன்னாங்க, என் பையனுக்கு இங்க கல்யாணம் பண்ணிக்க முடியலன்னு. (படிக்கிறவங்களுக்காக: குடியுரிமைக்கு தாத்தா பாட்டில ஒருத்தர் யூதரா இருந்தா போதும், 1970லேர்ந்து சட்டம் அப்படி. யூதர் கல்யாணம்னா ரப்பிங்கன்ற யூத மதகுருங்ககிட்ட போகணும், அங்க அம்மா வழிதான் பாப்பாங்க. சிவில் மேரேஜ் நாட்டுக்குள்ள கிடையாது. அதான் சைப்ரஸ். அங்க முடிச்சுட்டு வந்தா இங்க பதிஞ்சுக்குவாங்க.)

ரெண்டு மூணு நாள் கழிச்சு வீட்டுச் சாவி வாங்க ஜிம்முக்கு வந்தேன்ல, அந்த சாயங்காலம். அதுலேர்ந்து என்னால வெளிய வரவே முடியல. பெஞ்ச்ல பசங்களோட அப்பா அம்மா வரிசையா உக்காந்திருந்தாங்க. நீ அந்த ஒம்போது வயசுப் பையனுக்கு ரிங்ஸ் ஏறுறதுக்கு முன்னாடி கையில மக்னேசியா பொடி தடவிட்டு இருந்த. நான் வாசல்ல நின்னு, அந்த ஓட்ட ஹீப்ரூவுல, சத்தமா, "நியூஸ் பாத்தியா, உனக்கும் இதேதானே, உன் அம்மாவும் யூதர் இல்லதானே"ன்னு கேட்டேன். உன் பக்கம் நிக்கிறதா நெனச்சுத்தான் கேட்டேன், சத்தியமா. பெஞ்ச் கப்சிப். பையன் நிமிந்து பாத்து, "கோச், அப்ப நீங்க யூதர் இல்லயா?"

நீ பதில் சொல்லல. ஒவ்வொரு விரல் இடுக்குலயும் பொடிய தேச்ச, மெதுவா, கட்டைவிரல் வரைக்கும். மிச்சத்த ஊதி விட்ட. "இன்னொரு கை"ன்ன. அந்தக் கைக்கும் முடிச்சுட்டு அவன் இடுப்பப் பிடிச்சு ரிங்ஸுக்குத் தூக்கி விட்ட. அவ்வளவுதான்.

மன்னிச்சுடு. பேப்பர் பூரா அதே பேச்சா இருந்துச்சு, ஊரறிஞ்ச விஷயம்னு நெனச்சுட்டேன். நீயும்தான் எல்லா பார்ட்டிலயும் "அங்க யூதன், இங்க ரஷ்யன்"னு சொல்லுவ, எல்லாரும் சிரிப்பாங்க. உன் தாத்தாவோட சோவியத் பாஸ்போர்ட்ல "யெவ்ரெய்"னு, அதாவது யூதன்னு, எழுதியிருந்த கட்டத்தக் காட்டினதும் நீதான், அந்த ஒரு வார்த்தையால அவருக்கு யூனிவர்சிட்டி சீட்டு போச்சுன்னு சொன்னதும் நீதான். உன் வாயால நீ சொல்றதும் உன் கிட்ட படிக்கிற பையன் முன்னாடி நான் கேக்குறதும் ஒண்ணில்ல, அது உறைக்க எனக்கு இத்தன நாளாச்சு.

ஆனா நீ ஒரு தடவ கத்தியிருக்கலாம். ஒரு அம்மா தன் பொண்ண வேற கோச்கிட்ட மாத்திட்டாங்கன்னு ஆறு மாசம் கழிச்சு, வாணலி கழுவிக்கிட்டே, மழை பெய்யுதுன்ற மாதிரி சொன்ன. அதோட அந்தப் பேச்சையே எடுக்கல. நான் என்ன பண்ணட்டும் அந்த வாணலிய வெச்சுக்கிட்டு? அந்த ரூல் போட்டது நானா?

ராத்திரி கிச்சன் டேபிள்ல பிளேடால உள்ளங்கை காய்ப்ப சீவிக்கிட்டே நீ சொன்ன கதையெல்லாம் ஞாபகம் வருது. ரஷ்யால இர்குட்ஸ்க்ல பொறந்த அவெர்புக், 2002ல ம்யூனிக்ல போல் வால்ட் ஐரோப்பிய சாம்பியன், 1972 ஒலிம்பிக்ல இஸ்ரேல் டீம்ல 11 பேர கொன்ன அதே ஊர்ல. பெலாரஸ்ல இருக்குற கோமெல்லேர்ந்து ஹைஃபா வந்து, அரபு பசங்களோட ஜிம்ல பாக்ஸிங் பழகி, ரப்பி படிப்பு படிச்சுக்கிட்டே 2009ல உலக சாம்பியன் ஆன யூரி ஃபோர்மன். நான் அத ஸ்போர்ட்ஸ் கதையா கேட்டுட்டு இருந்தேன். யார் யார் அந்தக் கொடிக்குக் கீழ நின்னாங்கன்னு நீ ஒவ்வொருத்தரா எண்ணிட்டு இருந்திருக்க.

மதம் மாறுற கோர்ஸ் முடிச்சுட்டா வேல முடிஞ்சதுன்னு நான் சொன்னதும் தப்பு. "இருக்கறதுக்கு எதுக்குடா மாறணும்"ன்ன. ராணுவத்துல சேத்தப்ப கேக்கல, நாட்டுக்கு மெடல் வாங்கிட்டு வந்தாலும் கேக்க மாட்டாங்க, கல்யாணத்துக்குன்னா மட்டும் அம்மா பேரக் கேக்குறாங்க. நீ பண்ணது சரி. லார்னகா சரி. அவளுக்கு என் அன்பச் சொல்லு.

அந்தப் பையன் இன்னும் வரானா? இப்ப 13 தாண்டியிருக்கும், பார் மிட்ஸ்வா, அதான் யூதப் பசங்களுக்கு 13 வயசுல பண்ற சடங்கு, முடிஞ்சிருக்கும். அவங்க வீட்டுல உன்ன கூப்பிட்டாங்களா, அத மட்டும் எழுது.