அப்பா காதுக்கு பெராக்சைடு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதியும் அப்பாவுக்குக் காது அடைத்துக்கொண்ட சேதியும் ஒரே தாளில் வந்திருக்கின்றன. நல்ல பொருத்தம்தான். இரண்டுக்கும் புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும் என்று யாரோ சொன்னார்கள் என்றாயே, அதற்குத்தான் உடனே எழுதுகிறேன்.

குழந்தை விஷயம் சின்னது. குத்திய துளையில் பெராக்சைடு வேண்டாம். கிருமியோடு சேர்த்து, புண் ஆறுவதற்காகப் புதிதாக வளரும் தோலையும் அது அரித்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனில் (உப்புநீரில்) பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தால் போதும்.

அப்பாவுக்கு வருவோம். முதலில் அந்தப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படி. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கொடுப்பது 6 சதவீதம். ‘20 வால்யூம்’ என்றும் போட்டிருக்கும். ஒரு மில்லி முழுவதும் சிதைந்தால் இருபது மில்லி ஆக்ஸிஜன் வரும் என்பது அதன் பொருள். காதுக்குச் சொல்லப்படும் 3 சதவீதம் இதில் சரிபாதி. அப்படியே ஊற்றினால் தோல் வெளுத்து எரியும். காதுக் குழாயின் உட்பகுதியில் தோல் எலும்போடு ஒட்டிக்கிடக்கும் மெல்லிய படலம்தான், தாங்காது. 35 சதவீதக் கேன் ஒன்றும் வெளியே விற்கிறார்கள். அதைக் கலந்து பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

‘எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு அழுக்கு வெளியேறுகிறது’ என்பது தப்பான கணக்கு. தோல் செல்லிலும் ரத்தத்திலும் கேட்டலேஸ் என்றொரு என்சைம் உண்டு. அது பட்டதும் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது, நுரைக்கிறது. சீழோ ரத்தமோ இருந்தால் இன்னும் பலமாகப் பொங்கும். அதாவது, போடவே கூடாத காதில்தான் நுரை பிரமாதமாக இருக்கும்!

போடக்கூடாத காது எது? செவிப்பறையில் ஓட்டை உள்ளது, எப்போதாவது சீழ் வடிந்தது, ஆபரேஷன் ஆனது, செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழாய் வைத்தது, இப்போது வலிக்கிறது. ஐந்து துளி 3 சதவீதக் கரைசல் ஏறக்குறைய கால் மில்லி. அதிலிருந்து இரண்டரை மில்லி வாயு கிளம்பலாம். ஓட்டை வழியாக நடுக்காதுக்குள் போய்ப் பொங்கினால் வலியும் தலைச்சுற்றலும் பிடித்துக்கொள்ளும், உள்காதுக்கும் கேடு. அப்பாவுக்குச் சின்ன வயதில் காதில் சீழ் வந்ததா என்று அத்தையிடம் கேள். அவருக்கு நினைவிருக்காது.

இன்னொன்று, அடைத்திருப்பது உண்மையிலேயே குறும்பிதானா, அதாவது காது அழுக்குதானா? அப்பாவை வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல். குறும்பி அடைத்திருந்தால் அடைத்த காதில்தான் சத்தம் உரக்கக் கேட்கும். நல்ல காதில் உரக்கக் கேட்டால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். திடீரென்று ஒரு காது மந்தமாகி முனகலும் இப்படிக் கேட்டால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போ. நாள் தள்ளத் தள்ள மருந்துக்குப் பலன் குறையும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

குறும்பிதான் என்று தெரிந்தால், அந்த 6 சதவீத பெராக்சைடு 5 மில்லியோடு காய்ச்சி ஆறிய தண்ணீர் 5 மில்லி கலந்துகொள். அந்தந்த வேளைக்குக் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடு. கலந்ததைச் சின்ன பாட்டிலில் ஊற்றி உள்ளங்கையில் சில நிமிடம் பொத்திவை. உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்த திரவம் உள்ளே போனால் உள்காதின் நீர் அசைந்து அறையே சுழலும். எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார். பக்கவாட்டில் படுக்கவைத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து ஐந்து துளி விடு. சலசலவென்று கேட்கும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவை. பஞ்சை வைத்து அடைக்காதே, வாயு வெளியேற வழி வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, துண்டைப் பிடித்துத் தலையைச் சாய்த்து வடியவிடு. வெளியே வந்ததை மட்டும் துடை. பட்ஸ், ஊக்கு, கோழி இறகு எதுவும் உள்ளே போகக் கூடாது. காலை மாலை, நான்கு நாள். அதற்குமேல் வேண்டாம். நடுவில் வலி, தலைச்சுற்றல், கசிவு எது வந்தாலும் நிறுத்திவிடு.

முதல் நாள் காது இன்னும் அடைத்தாற்போல் தோன்றலாம். குறும்பி ஊறி உப்புவதால் வருவது அது. ஈரம் தங்கினால்தான் வம்பு. நம் கடலோரப் புழுக்கத்தில் காதில் பூஞ்சை பிடிக்க அது போதும். காது மெஷின் போடுகிறாரென்றால் நன்றாக உலர்ந்தபின்தான் மாட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், எண்பது வயதுத் தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும், பெராக்சைடு இன்னும் வறட்டும். ஆலிவ் எண்ணெய் இரண்டு மூன்று துளி, மூன்று நான்கு நாள் விட்டுப் பார்ப்பதே மேல். செவிப்பறை விதி அதற்கும் உண்டு. குறும்பியைக் கரைப்பதில் ஒரு சொட்டு மருந்து இன்னொன்றைவிடப் பெரிதாக உசத்தி என்று இதுவரை நிரூபணமாகவில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம், வெந்துவிடும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதனால் பீய்ச்சாங்குழலால் குழாய்த் தண்ணீர் அடிப்பதைத் தவிர். சர்க்கரைக்காரர்களுக்குக் காதில் சின்னச் சிராய்ப்பும் எலும்புவரை போகும் தொற்றாக மாறக்கூடும். மருத்துவரிடம் போனால் உறிஞ்சி எடுக்க முடியுமா என்று கேள்.

முனகிப் பார்த்துவிட்டு, சத்தம் எந்தக் காதில் கேட்டது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்