பித்தளை ஹாரனுக்காகப் பாட்டுப்பெட்டியை உடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வரவேற்பறை அலங்காரம் பற்றிய பக்கத்தில், எட்டுப்பட்டை மரப்பெட்டி மேல் பளபளவென்று பித்தளை ஹாரன் நிற்கும் கிராமபோன் படத்தைப் போட்டு, நூறாண்டுப் பழமையான பொருள் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்ததிலிருந்து மனது ஆறவில்லை. மதுரை சிம்மக்கல்லில் என் அப்பாவும் அவருக்குப்பின் நானும் தையல் மெஷினும் கிராமபோனும் பழுது பார்த்துப் பிழைத்தவர்கள். எனக்கு 71 வயது. அந்தப் படத்தில் இருப்பது பழைய பெட்டி இல்லை, சமீபத்தில் செய்தது.

எட்டுப்பட்டைப் பெட்டி, அதைச் சுற்றி அறைந்த பித்தளைத் தகடு, ஹாரனின் கழுத்தில் தடித்த வளைவு, புதிதாக ஒட்டிய எச்.எம்.வி. கம்பெனியின் நாய்ப்பட லேபிள் எல்லாம் சேர்ந்து இருந்தால் சந்தேகப்படலாம். பழைய ஹாரன்களில் பித்தளையும் உண்டுதான். ஆனால் கறுப்போ சிவப்போ பூசிய மெல்லிய தகரமும், சில உயர்ந்த பெட்டிகளில் மரமுமாகவே அதிகம் வந்தன. நாய்ப்படத்தை வரைந்த பிரான்சிஸ் பராட் முதலில் வரைந்தது எடிசனின் மெழுகு உருளைப் பெட்டியை, கறுப்பு ஹாரனோடு. படம் எடுப்பாக இருக்க வேண்டுமென்று பித்தளை ஹாரன் ஒன்று இரவல் கேட்டு லண்டன் கிராமபோன் கம்பெனிக்குப் போனார். எங்கள் பெட்டியையே வரைந்து கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அது 1899. அந்த லேபிள் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கிராமபோன் என்றாலே பித்தளை என்று நம் மனதில் பதிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

போலி என்பதோடு போனால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பெட்டிக்குள் தட்டைச் சுற்ற வைக்கும் ஸ்பிரிங் மோட்டார் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் வருத்தம்.

என் கடைக்கு வந்தவற்றில் முக்கால்வாசி ஹாரனே வெளியில் தெரியாத, சூட்கேஸ் போல் மூடித் தூக்கிப் போகிற பெட்டிகள், எச்.எம்.வி.யின் 102 மாடல் போல. ஹாரன் உள்ளேயே மடங்கி இருக்கும். கூடத்தில் குழாய் நீட்டிக்கொண்டிருப்பது பிடிக்காத பணக்கார வீடுகளுக்காக, 1906லேயே அமெரிக்காவின் விக்டர் கம்பெனி ஹாரனை அலமாரிக்குள் மறைத்து, ‘விக்ட்ரோலா’ என்று 200 டாலருக்கு விற்றது. இன்று ஹாரனுக்குத்தான் விலை. அதனால் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சூட்கேஸ் பெட்டியைப் பிரித்து மோட்டாரையும், ஊசி மாட்டி ஒலி எழுப்பும் வட்டமான சவுண்ட் பாக்ஸையும் கழற்றிக்கொள்கிறார்கள், கூட்டை எறிந்துவிடுகிறார்கள். நான் திறந்து பார்த்த பித்தளை ஹாரன் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இப்படிப் பிடுங்கிய மோட்டார்தான் இருந்தது.

போன தை மாதம் ஒரு பெண் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். புதுமனைப் புகுவிழாவுக்கு 28,000 ரூபாய் கொடுத்து வாங்கியதாம். விற்றவர் எதுவும் சொல்லாததால், மறைந்த மாமியார் வைத்திருந்த எல்.பி. ரெக்கார்டை அதில் போட்டுவிட்டார். சவுண்ட் பாக்ஸின் கனம் நூறு கிராமுக்கு மேல், அடியில் எஃகு ஊசி. எல்.பி.யின் மென்மையான வினைல் பிளாஸ்டிக் தாங்குமா? ஒரே ஓட்டத்தில் பாட்டு முழுவதும் உழுதாற்போல் போயிற்று. கிராமபோனுக்கு உரியது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்கு பிளேட் மட்டும். அரக்கோடு கல்பொடி கலந்து வார்த்தது அது. தன் பள்ளத்துக்கேற்ப ஊசியைத்தான் அது தேய்க்கும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று அப்பா கண்டிப்பாக இருப்பார். தேய்ந்த ஊசியோடு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் போட்டால் திட்டு விழும்.

அந்தப் பெண்ணின் பெட்டியைத் திறந்தேன். உள்ளே 102இன் மோட்டார். வேகத்தைச் சீராக்கும் கவர்னரின் மூன்று குண்டுகளும் சரியாக இருந்தன, ஸ்பிரிங்கில் மட்டும் கிரீஸ் கெட்டித்துப்போய், சாவி கொடுக்கும்போது தொம் தொம் என்று சத்தம். என் பரணில் மோட்டார் போன 102 கூடு ஒன்று பல வருடமாகக் கிடந்தது. இந்த மோட்டாரை அதில் மாட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன், சம்மதித்தார். ஸ்பிரிங்கைக் கழுவி கிராஃபைட் கிரீஸ் இட்டு, சவுண்ட் பாக்ஸின் இறுகிப்போன ரப்பருக்குப் பதில் அப்பா செய்வதுபோல் சைக்கிள் வால்வ் டியூபை வெட்டி வைத்தேன். கே.பி. சுந்தராம்பாள் பிளேட் ஒன்றைப் போட்டதும், வாசலில் பஞ்சர் ஒட்டும் பையன் வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றான். ஹாரனை அவர் வீட்டில் அழகுக்கு வைத்திருக்கிறார், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்த இணைப்பில் சூட்கேஸ் பெட்டியின் படத்தையும் போடுங்கள். பரணில் அப்படி ஒன்று இருப்பவர்கள், அதை எடைக்குப் போடும் முன் மூடியைத் திறந்து ஒருமுறை சாவி கொடுத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்,
சிம்மக்கல், மதுரை.