முன்னும் இல்லை, பின்னும் இல்லை

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்பின் ட்ராம்,

அறுபத்தைந்து வருஷமாக உன்னை இந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். இதுவரைக்கும் அது நக்கல். இன்றைக்கு முதல் தடவையாக மரியாதையோடு எழுதுகிறேன். ஏனென்று போகப்போகச் சொல்கிறேன்.

உன் கடிதம் நான் மெல்பேர்ணில் நின்றபோதே இங்கே வந்து கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கரண்ட் பில்லோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் ஆறுதல். இனிப் படி ஏறலாம் என்று டொக்டர் சொன்னாலும் நீ கொஞ்சக் காலம் கீழ் அறையிலேயே படு. உன் அவசரம் எனக்குத் தெரியும். எனக்கு நாரி நோவு பழையபடிதான். நாங்கள் இல்லாத இரண்டு மாதத்தில் வாடைக்காற்று கூரையில் நாலு ஓட்டைக் கிளப்பி, கிணற்றடி முருங்கையையும் சாய்த்துவிட்டது. கோட்டை மான்களில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற றோட்டில் படுத்துக்கொண்டு, ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தாலும் எழும்பமாட்டேன் என்கின்றன. ஊர்ப்புதினம் இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ட்ராம் பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, ஏறி, இருந்து, மணியும் அடித்தேன்.

மகள் இருப்பது டண்டினோங்கில். அங்கிருந்து நகரத்துக்கு ரயில், பிறகு ட்ராம். நகரத்தின் நடுப்பகுதியில் ட்ராமுக்குக் காசே இல்லை, 2015 இலிருந்து இலவசம். முதல் வாரம் முழுக்க நானும் மனுசியும் எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஏறி இறங்கினோம். ஆனால் இப்போது ஓடுகிறவை கண்ணாடிப் பாம்பு மாதிரி நீளமாக, சத்தமில்லாமல், குளிரூட்டி போட்டு ஓடுகின்றன. நீ சின்ன வயதில் சொன்ன கொழும்பு ட்ராம் அதுவல்ல. என் முகத்தைப் பார்த்த பேரன்தான், “அம்மப்பா, பழசு பார்க்கவேண்டுமென்றால் அதற்கு ஒரு மியூசியம் இருக்கு” என்றான். மாதத்தில் இரண்டாம், நாலாம் சனிக்கிழமைகளில்தான் அதைத் திறப்பார்கள். காத்திருந்து 75 ஆம் இலக்க ட்ராமில் ஹோதோர்னுக்குப் போனோம்.

இறங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஒரு டிப்போ! செங்கல் கட்டடம், 1916 இல் கட்டியது. உள்ளே தண்டவாளம், வரிசையாக வண்டிகள். மியூசியம் என்றதும் கண்ணாடிப் பெட்டியும் “தொடாதே” பலகையும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். கதவைத் தாண்டியதும் மூக்கில் ஏறியது கிறீஸ் வாசம். முப்பத்தைந்து வருஷம் இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவனுக்கு அது கோயில் கர்ப்பூரம் மாதிரி. மனுசி என்னைப் பார்த்து, “இவ்வளவு காசு செலவழித்து வந்து, கடைசியில் வேலைக்குத்தான் வந்து நிற்கிறியள்” என்றாள்.

அங்கே நிற்பவர்கள் எல்லாரும் தொண்டர்கள், பாதிப்பேர் எங்கள் வயதுக்காரர். அதில் ஒருவர் முந்தி கண்டக்டராக இருந்தவராம். தோலால் செய்த காசுப்பையை இன்னும் தோளில் மாட்டிக்கொண்டுதான் நின்றார். நான் பஸ் மெக்கானிக் என்று பேரன் சொல்லிவைக்க, மனிதர் என்னை விடவே இல்லை.

கேபிள் ட்ராம் என்ற ஒன்றைக் காட்டினார். நீகூட இதைப்பற்றிச் சொன்னதில்லை. வண்டியில் எஞ்சினும் இல்லை, மோட்டரும் இல்லை. றோட்டுக்கு அடியில் ஒரு வாய்க்கால், அதற்குள்ளே இரும்பு வடம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். எங்கேயோ ஒரு கட்டடத்தில் இருக்கிற நீராவி எஞ்சின் அதைச் சுற்றி இழுக்கும். வண்டிக்காரன் ஒரு பெரிய நெம்புகோலால், றோட்டில் உள்ள நீளக் கீறல் வழியாக அந்த வடத்தைப் பிடிப்பான். பிடித்தால் வண்டி போகும், விட்டுவிட்டுப் பிரேக் போட்டால் நிற்கும். கரைவலை இழுக்கிறபோது கயிற்றில் ஒரு பெடியன் தொங்கிக்கொண்டு சும்மா வருவானே, அதே கதை. 1885 இலிருந்து 1940 வரைக்கும் இப்படித்தான் ஓடியிருக்கிறது. இரண்டு கேபிள் குறுக்கே போகிற சந்தியில் சரியான இடத்தில் கையை விடாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அவரிடம் கேட்டால் இன்னும் அரை மணித்தியாலம் போகும், பேரன் பசியில் நிற்கிறான். கேட்கவில்லை.

அடுத்தது மின்சார ட்ராம். அங்கே ‘டபிள்யூ’ என்று ஒரு வகை. 1923 இலிருந்து 1956 வரைக்கும் 750 க்கு மேல் செய்திருக்கிறார்கள். மெல்பேர்ண் படம் போட்ட தபால் அட்டை எதை எடுத்தாலும் இருக்கிற பச்சை வண்டி அதுதான். நடுப்பகுதி தாழ்வாக, ஏற இறங்க வசதியாக இருக்கும். முந்தி அந்த இடத்துக்குக் கதவே இல்லையாம், மழை வந்தால் கன்வஸ் திரையை இழுத்துவிடுவார்களாம். ஏறினேன். மரப் பலகைகளுக்கு அடித்த வார்னிஷ், பிடித்துத் தொங்க வரிசையாகத் தோல் வார். சாரதி இருக்குமிடத்தில் இருக்கையே இல்லாத வண்டிகளும் உண்டு, நாள் முழுக்க நின்றபடி ஓட்டியிருக்கிறான் பாவி. இடது கைக்கு ஒரு பித்தளைக் கைபிடி, அதைப் படிப்படியாகத் திருப்பினால் வேகம் கூடும். வலது கைக்குக் காற்றுப் பிரேக். காலுக்கடியில் மணி. இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் நம்பமாட்டாய். வண்டிக்கு அடியில் ஒரு மண் பெட்டி! மழைநாளில் இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், அப்போது சாரதி சில்லுக்கு முன்னால் மண்ணைக் கொட்டிப் பிடிப்பு எடுப்பான். பஸ்ஸுக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் ஹபரணைப் பக்கம் மழையில் எத்தனை பஸ் காட்டுக்குள் இறங்காமல் தப்பியிருக்கும்.

பிறகு அந்த மனிதர் பழைய வண்டி ஒன்றுக்குக் கூட்டிப்போய், இருக்கையின் முதுகைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். “டக்” என்று மறுபக்கம் சாய்ந்தது. முன்னுக்குப் பார்த்த இருக்கை பின்னுக்குப் பார்த்தது. “கடைசித் தரிப்பில் வண்டியைத் திருப்பத் தேவையில்லை. சாரதி கைபிடிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் நடப்பான், கூரையில் கரண்ட் எடுக்கிற ஒரு கம்பை இறக்கி மற்றக் கம்பை ஏற்றுவார்கள், கண்டக்டர் இருக்கைகளைத் திருப்பிக்கொண்டே வருவான், அவ்வளவுதான்” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே மூன்றாம் வகுப்பு வந்துவிட்டது.

1958 கலவரத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தாய். வாயைத் திறந்தால் கொழும்பு. கோட்டையிலிருந்து பொரளைக்கு ஒரு ட்ராம், கிராண்ட்பாஸுக்கு ஒரு ட்ராம், அப்பா உன்னை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப்போவார் என்று. அதுவரைக்கும் சரி. ஒருநாள் மாமரத்தடியில் நின்று, “ட்ராமுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ட்றைவர் கைபிடியைக் கழற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போவார்” என்றாயே, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். “அப்ப உன்ர மாட்டுக்கு எந்தப் பக்கம் வால்?” என்று கேட்டவன் நான்தான். பெயர் வைத்தவனும் நான்தான். நீ அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாய்.

மச்சான், நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை.

இன்னொரு வெட்கமும் இருக்கிறது. அதே வருஷத்தில் நான் மாமா வீட்டுக்குக் கின்னியாவுக்குப் போய்வந்தவன். பஸ்ஸையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு கடலில் ‘பாதை’ என்கிற மிதவை போகுமே, நினைவிருக்கா? பஸ் இந்தக் கரையில் முன்னால் ஏறும், அந்தக் கரையில் முன்னாலேயே இறங்கும். பாதைக்கு எது முன், எது பின்? இரண்டும் ஒன்றுதான். அதில் நின்று காலாட்டிக்கொண்டு போனவன், ட்ராமுக்கு இரண்டு தலை என்றதும் சிரித்திருக்கிறேன். 2009 இல் பாலம் திறந்த பிறகு அந்தப் பாதையையும் யாரும் கவனிக்கவில்லை. ரயிலுக்காவது 2014 இல் கடுகண்ணாவையில் ஒரு மியூசியம் வைத்தார்கள். பாதைக்கு யார் வைப்பது?

மியூசியத்தில் எனக்கு ஆகப் பிடித்தது எது தெரியுமா? ஒரு கராச்சி ட்ராம். இல்லை, கராச்சியில் ஓடியதல்ல. 2006 இல் மெல்பேர்ணில் பொதுநலவாய விளையாட்டு நடந்தபோது, கராச்சியிலிருந்து லொறிக்கு அலங்காரம் செய்கிறவர்களைக் கூப்பிட்டு, மெல்பேர்ண் ட்ராம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். உள்ளும் புறமும் பூ, கிளி, கண்ணாடித் துண்டு, ஜிகினா, கலர் லைட். இலக்கம்கூடக் கராச்சி பஸ்ஸின் ‘டபிள்யூ-11’ தான். பச்சை வண்டிகளுக்கு நடுவில் அது கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மனுசி மட்டும் ஒருதரம் சுற்றிவந்து, “எங்கட பிரைவேட் பஸ்காரன் இதைவிட நல்லாச் செய்வான்” என்றாள்.

அவளுக்கு வேறொரு கதை பிடித்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆண்கள் போய்விட, பெண்கள் கண்டக்டராக வந்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டுவதற்கு விடவில்லை. மறித்தது நிர்வாகம் என்று நினைப்பாய். இல்லை, தொழிற்சங்கம்! ஜோய்ஸ் பெரி என்ற பெண் பல வருஷம் வாதாடி 1975 இல்தான் முதல் பெண் சாரதியானார். அதைக் கேட்டதிலிருந்து என் சங்கக் கதைகளுக்கு வீட்டில் மதிப்புக் குறைந்துவிட்டது.

ஆனாலும் அதே சங்கத்தின் இன்னொரு கதையைக் கேள். 1990 ஜனவரியில், கண்டக்டர்கள் வேண்டாம் என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, தொழிலாளர்கள் ட்ராம்களை நகரத்துக்கு ஓட்டிவந்து நடுறோட்டில் வரிசையாக விட்டுவிட்டார்கள். கரண்டையும் நிறுத்தியாயிற்று. ஒரு மாதம் அப்படியே நின்றதாம். காசுப்பைக்காரர் அந்த வரிசையில் தானும் இருந்ததாகச் சொன்னார். கடைசியில் 1998 இல் கண்டக்டர்கள் போய்விட்டார்கள். நான் அவருக்கு 1929 கொழும்பு ட்ராம் வேலைநிறுத்தத்தைச் சொன்னேன். உன் அப்பா சொல்லக் கேட்டு நீ சொன்னதுதான். ஏ. ஈ. குணசிங்க தலைமை தாங்கியது, மருதானையில் கலவரமாகிப் பொலிஸ் சுட்டது எல்லாம். மனிதர் கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறும்வரை கேட்டார்.

“உங்கள் ட்ராம் இப்போது எங்கே?” என்று கேட்டார். 1944 இல் மாநகரசபை எடுத்தது, 1960 இல் நிறுத்தியாயிற்று என்றேன். சிட்னியும் அப்படித்தானாம், அதற்கடுத்த வருஷமே கடைசி ட்ராமும் நின்றதாம். மெல்பேர்ண் தப்பியதற்கு முக்கிய காரணம் ரிசன் என்று ஒரு பொறியியலாளர். 1949 இலிருந்து 1970 வரை அவர்தான் ட்ராம் சபைக்குத் தலைவர். ஊரெல்லாம் பஸ், பஸ் என்று கத்தியபோது, அவர் பேசாமல் தண்டவாளத்தைக் கொங்கிரீட்டில் பதித்துக்கொண்டே போனார். பிடுங்குவதென்றால் அந்தச் செலவை யார் கொடுப்பது? இன்றைக்கு உலகத்திலேயே பெரிய ட்ராம் பாதை அங்கேதான், 250 கிலோமீற்றர். பஸ்ஸால் சோறு தின்றவன் நான், ட்ராமை ஒழித்த கட்சிக்காரன். ஆனாலும் அந்தக் கிழவரின் குறும்பு எனக்குப் பிடித்துக்கொண்டது.

சரி, கை நோகிறது. மாசியில் கண் காட்டக் கொழும்புக்கு வருவேன், இரவு ரயிலில். உன் முழங்கால் இடம் கொடுத்தால் ஓட்டோவில் கிராண்ட்பாஸ் வரைக்கும் போவோம். அந்தக் கடைசித் தரிப்பு எது, கூரைக் கம்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் எந்தப் பக்கத்தால் சுற்றி ஓடினார் என்று நீ எனக்குக் காட்டவேண்டும். இந்தமுறை சிரிக்கமாட்டேன்.

மியூசியத்தில் உனக்கென்று ஒரு சின்ன இரும்பு ட்ராம் வாங்கினேன். விமானத்தில் பேரனின் சாமான்களோடு சேர்ந்து அடிபட்டு, கூரைக் கம்பு ஒன்று கழன்றுவிட்டது. கம்பையும் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் ஒட்டவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை, நீயே ஒட்டிக்கொள்.

உன்
ஸ்பனர்